எனிகாஸ்ட் டிஎன்எஸ் சர்வருக்கு ரூட்டிங் அமைப்பது எப்படி?

ஒரே ஐபி முகவரியைப் பல ஊர்களில் உள்ள சர்வர்களுக்குக் கொடுத்து, எல்லா இடங்களிலிருந்தும் பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக அறிவிப்பதுதான் எனிகாஸ்ட். எந்த டிஎன்எஸ் கேள்வி (ஒரு பெயருக்கு உரிய ஐபி முகவரி எது என்பது போன்றது) எந்த சர்வருக்குப் போகும் என்பதை வழியிலுள்ள ரூட்டர்களே முடிவு செய்யும். டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில் 13 பெயர்களில் மட்டுமே இருக்கும் ரூட் (root) சர்வர்கள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களாக இயங்குவது இப்படித்தான்.

டிஎன்எஸ் மென்பொருளை நிறுவுவது இதில் எளிய வேலை. பதில் சொல்ல முடியாத சர்வர் தன் ரூட்டை (route, பிஜிபி-யில் அறிவித்த வழி) உடனே திரும்பப் பெறும்படி செய்வதில்தான் சிக்கல். திரும்பப் பெறாவிட்டால் அந்தப் பகுதியின் கேள்விகள் எல்லாம் அங்கேயே போய் மடியும். மற்ற மையங்கள் நன்றாக இருந்தும் பயனில்லை.

படி 1: முகவரிகளைப் பிரியுங்கள்

இணையத்தில் பொதுவாக ஏற்கப்படும் மிகச் சிறிய தொகுதி ஐபிவி4-இல் /24, ஐபிவி6-இல் /48. உங்கள் டொமைனின் இரண்டு நேம்சர்வர்களுக்கு இரண்டு தனித் தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 198.51.100.0/24, 203.0.113.0/24.

இரண்டையும் எல்லா மையங்களிலிருந்தும் அறிவிக்கத்தான் கை பரபரக்கும். வேண்டாம். ஒரு மையம் சத்தமில்லாமல் கெட்டுப்போனால், அதற்கு அருகிலுள்ள, பயனர்களுக்காக டிஎன்எஸ் கேள்வி கேட்கும் ரிசால்வர்களுக்கு இரண்டு நேம்சர்வர்களும் ஒன்றாகப் போய்விடும். பாதி மையங்கள் முதல் தொகுதியையும், மீதிப் பாதி இரண்டாவதையும் அறிவிக்கட்டும். ஒன்றில் பதில் வராவிட்டால் ரிசால்வர் தானாகவே மற்றதைக் கேட்கும்.

படி 2: சர்வரில் செய்ய வேண்டியவை

198.51.100.53/32 (/32 என்றால் ஒரே ஒரு முகவரி) என்ற சேவை முகவரியை நெட்வொர்க் கார்டில் போடாமல் மென்பொருளில் மட்டுமே இருக்கும் லூப்பேக்கில் அல்லது டம்மி இன்டர்ஃபேஸில் போடுங்கள். டிஎன்எஸ் மென்பொருள் பைண்ட், என்எஸ்டி, நாட் (Knot) எதுவானாலும் அந்த முகவரியில் கேட்கட்டும். அதே சர்வரில் பேர்ட் அல்லது எஃப்ஆர்ஆர் என்ற பிஜிபி மென்பொருளை நிறுவி, மேலே உள்ள ரூட்டருடன் பிஜிபி செஷன் அமைத்து, அந்த ஒரு /32-ஐ மட்டும் அனுப்புங்கள். ரூட்டர் பக்கத்திலும் அந்த /32 தவிர எதையும் ஏற்காத ஃபில்டர் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சர்வருக்கும் தனக்கே உரிய யூனிகாஸ்ட் முகவரி ஒன்றும் தேவை. எஸ்எஸ்எச், கண்காணிப்பு, ஜோன் டிரான்ஸ்ஃபர் (டொமைனின் பதிவுகளை மூல சர்வரான பிரைமரியிலிருந்து நகலெடுப்பது) எல்லாம் அதன் வழியேதான். டிரான்ஸ்ஃபர் கோரிக்கை எனிகாஸ்ட் முகவரியிலிருந்து கிளம்பினால், பிரைமரியின் பதில் வேறு ஊர் சர்வருக்குப் போய்ச் சேரலாம். அப்போது டிசிபி இணைப்பே உருவாகாது. பைண்டில் டிரான்ஸ்ஃபர் சோர்ஸ், நோட்டிஃபை சோர்ஸ் இரண்டையும் யூனிகாஸ்டுக்கு மாற்றுங்கள்.

படி 3: ரூட்டரில் உள்ள கண்ணி

பலர் /24-ஐ நல் ரூட் (null route, பாக்கெட்டுகளைத் தூக்கி எறியும் வழி) போட்டு நிரந்தரமாக அறிவித்துவிடுகிறார்கள். சர்வர்கள் எல்லாம் செத்தாலும் அறிவிப்பு நிற்காது. வரும் பாக்கெட்டுகளை ரூட்டர் அப்படியே குப்பையில் போடும். அதற்குப் பதிலாக அக்ரிகேட் முறையைப் பயன்படுத்துங்கள்: உள்ளே ஒரு /32 ஆவது இருந்தால்தான் /24 உருவாகும், கடைசி /32 போனதும் அதுவும் போய்விடும்.

செஷன் டைமரையும் கவனியுங்கள். ஹோல்ட் டைம் (மறுபக்கம் மௌனமானால் செஷனை முறிக்குமுன் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 90 அல்லது 180 வினாடி இருக்கும். சர்வர் உறைந்துபோனால் அவ்வளவு நேரமும் கேள்விகள் வீண். இணைப்பு அறுந்ததை வேகமாகக் கண்டறியும் பிஎஃப்டி-யை 300 மில்லிவினாடி, மூன்று தவறுகள் என்று வைத்தால் ஒரு வினாடிக்குள் தெரிந்துவிடும். பிஎஃப்டி இல்லாத இடத்தில் கீப்பலைவ் (உயிரோடு இருப்பதைச் சொல்லும் செய்தி) 3 வினாடி, ஹோல்ட் 9 வினாடி. இந்த செஷனில் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பிஜிபி புரோகிராம் நின்ற பிறகும் ரூட்டர் பழைய ரூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

படி 4: ஹெல்த் செக்

பிராசஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. சேவை முகவரிக்கே யூடிபி, டிசிபி இரண்டிலும் உங்கள் ஜோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ-வைக் கேளுங்கள். இரண்டு வினாடிக்கு ஒருமுறை கேட்டு, தொடர்ந்து மூன்று முறை தவறினால் ரூட்டை இறக்குங்கள். மீண்டும் ஏற்றப் பத்து வெற்றிகளாவது வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ரூட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி ஆடும் ரூட்டைச் சில நெட்வொர்க்குகள் கொஞ்ச நேரம் ஒதுக்கியே வைத்துவிடும்.

எல்லா மையங்களுக்கும் பொதுவான ஒன்றை ஹெல்த் செக் நம்பியிருக்கவே கூடாது. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது நடந்தது இதுதான்: டேட்டா சென்டர்களை எட்ட முடியாததால் டிஎன்எஸ் மையங்கள் தங்களைக் கெட்டவையாகக் கருதி, பிஜிபி அறிவிப்புகளை ஒன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பிரைமரி எட்டவில்லை என்பதற்காக ரூட்டை இறக்காதீர்கள்; எஸ்ஓஏ-வின் எக்ஸ்பயர் காலம் வரை பழைய ஜோனைக் கொண்டே பதில் சொல்லலாம். கூடுதல் காப்பாக, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மையத்தை ஹெல்த் செக் இல்லாமல், ஏஎஸ் பாத் பிரிபென்ட் செய்து (உங்கள் நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வழியை நீளமாகக் காட்டி) நிரந்தரமாக அறிவிக்க விடுங்கள். மற்றவை எல்லாம் இறங்கினால்தான் பெரும்பாலான போக்குவரத்து அங்கே வரும்.

படி 5: வெளி உலகம்

எல்லா மையங்களிலும் ஒரே ஏஎஸ் எண், அதற்கேற்ற ஆர்ஓஏ (இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற கையொப்பமிட்ட சான்று). முடிந்தவரை எல்லா மையங்களுக்கும் இணையத்தின் மற்ற பகுதிகளுடன் இணைக்கும் அதே டிரான்சிட் நிறுவனங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டைத்தான் முதலில் தேர்வு செய்யும், தூரத்தைப் பார்க்காது. அந்த நிறுவனத்தின் இணைப்பு ஒரே ஒரு மையத்தில் மட்டும் இருந்தால், அதன் போக்குவரத்து கண்டம் தாண்டியும் அங்கேதான் போகும். அந்த நிறுவனம் தானே வைக்கும் முன்னுரிமையான லோக்கல் பிரிஃபரன்ஸ்தான் முதலில் பார்க்கப்படும் என்பதால் பிரிபென்ட் இங்கே எடுபடாது.

யூடிபி பதிலின் அளவை 1232 பைட்டுக்குள் வையுங்கள். பாக்கெட் பெரிது என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தி வேறு மையத்துக்குப் போக வாய்ப்புள்ளதால், பெரிய பதில்கள் வழியில் காணாமல் போகும்.

படி 6: சோதனை

பதிலில் சர்வரின் அடையாளத்தைச் சேர்க்கும் என்எஸ்ஐடி-யை இயக்கி ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பெயர் கொடுங்கள். டிக் (dig) கட்டளையில் என்எஸ்ஐடி கேட்டால் எந்த மையம் பதில் சொன்னது என்று தெரியும்; ரைப் அட்லஸ் என்ற உலகளாவிய அளவீட்டு நெட்வொர்க் மூலம் பல நாடுகளிலிருந்தும் இதையே பார்க்கலாம்.

பிறகு ஹெல்த் செக் உள்ள ஒரு மையத்தில் டிஎன்எஸ் பிராசஸைக் கொல்லாமல், சிக்ஸ்டாப் (SIGSTOP) சிக்னல் அனுப்பி உறைய வையுங்கள். பிராசஸ் ஓடுவது போலவே தெரியும், பதில் மட்டும் வராது. சில வினாடிகளில் /32 இறங்கி, ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் வெளியிலிருந்து வேறு மையத்தின் பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் படி 3-இன் நல் ரூட்டைத் தேடுங்கள்.