'டேக்' ஒன்றுதான், வால்கள் பல: ஃப்ரேசல் வெர்ப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் 'டேக்' என்றால் எடு. அது எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் 'ஆஃப்', 'இன்', 'ஓவர்', 'டு' என்று ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டிக்கொண்டதும் தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. இப்படி வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து தனிப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். உடனே பலரும் 'டேக்' பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்து, அத்தனையையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றுவது 'டேக் ஓவரா', 'டேக் ஆனா' என்ற சந்தேகம் மறுநாளே வந்துவிடும்.

விமானம் கிளம்புவதோடு 'டேக் ஆஃப்' ஒரு நாள், பொறுப்பு கைமாறுவதோடு 'டேக் ஓவர்' வேறொரு நாள் என்று, படிக்கும் இடத்தில் எதிர்ப்படும்போது ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். கார்னியே, ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட பட்டியலில், அதிகம் புழங்கும் ஃப்ரேசல் வெர்ப்கள் 150தான். முக்கியமான பொருள்கள் சராசரியாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு.

ஒரு பொருளைப் படித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. தொளதொளவென்று இருக்கும் சட்டையைப் பிடித்துத் தைப்பது 'டேக் இன்'. சொன்னதை உள்வாங்கிக்கொள்வதும் அதுவே. ஆனால் "ஐ வாஸ் டேக்கன் இன் பை ஹிஸ் ப்ராமிசஸ்" என்றால், அவன் வாக்குறுதிகளை நம்பி ஏமாந்துவிட்டேன் என்று பொருள். வாக்கியத்தை விட்டுச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டவர் இங்கே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

பொருள் தெரிந்தும் பிழை விழும் இடம் ஒன்று உண்டு. செயப்படுபொருளை எங்கே வைப்பது? கோட்டைக் கழற்றச் சொல்ல "டேக் ஆஃப் யுவர் கோட்" என்றாலும் சரி, "டேக் யுவர் கோட் ஆஃப்" என்றாலும் சரி. ஆனால் கோட் என்ற பெயர் போய் 'இட்' வந்துவிட்டால் ஒரே வழிதான்: "டேக் இட் ஆஃப்". "டேக் ஆஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை. சரி, எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. "ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்" என்றால் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று பொருள். இதில் 'ஹெர்' என்று சுருக்கினாலும் "டேக்ஸ் ஆஃப்டர் ஹெர்"தான். நடுவில் எதுவும் நுழையாது. (இந்தச் சொல், குடும்பத்தில் மூத்தவரின் சாயலைச் சொல்வதற்கு மட்டும். நண்பர்கள் ஒருவர்போல் ஒருவர் இருந்தால் இது பொருந்தாது.)

எது பிரியும், எது பிரியாது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கற்போருக்கான அகராதியைத் திறந்தால், பிரியக்கூடியதை 'டேக் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இடம் விட்டும், பிரியாததை 'டேக் ஆஃப்டர் சம்படி' என்றும் போட்டிருப்பார்கள். நோட்டில் எழுதும்போது அந்தச் 'சம்திங்'கையும் சேர்த்தே எழுதுங்கள். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

'டு' வந்தாலே பின்னால் வெறும் வினைச்சொல் என்ற பழக்கமும் காலை வாரும். எழுத்தில் நாட்டம் வந்து எழுதத் தொடங்கிவிட்டாள் என்பது "ஷி டுக் டு ரைட்டிங்". "டுக் டு ரைட்" தவறு.

மரபுத்தொடர்களில் கை வைக்கவே கூடாது. கூட்டம் நடந்தது என்பதற்கு "தி மீட்டிங் வாஸ் டேக்கன் ப்ளேஸ்" என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். 'டேக் ப்ளேஸ்' செயப்பாட்டு வினையாக மாறாது. "தி மீட்டிங் டுக் ப்ளேஸ்" போதும். 'டேக் ஏ ப்ளேஸ்' என்று நடுவில் 'ஏ' சேர்த்தாலும் பொருள் வேறாகிவிடும்.

ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பேச்சுக்குத்தான், எழுத்தில் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 'டேக் ஓவர்', 'கேரி அவுட்' போன்றவை அலுவலக அறிக்கைகளிலும் செய்திகளிலும் இயல்பாக வருகின்றன. நண்பரிடம் போய் 'டேக் ஆஃப்' என்பதற்குப் பதில் "ரிமூவ் யுவர் ஷூஸ்" என்றால்தான் அறிவிப்புப் பலகை பேசுவதுபோல் இருக்கும்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. 'டேக் ஆஃப்' என்பதை வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும், எழுதும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். விமானம் கிளம்புதல் என்ற பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் 'டேக்' மேல் ஏறும், எழுத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.