ஆங்கில ஆர்ட்டிக்கிளையும் சொற்களையும் சேர்த்தே பழகும் முறை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவருக்கு 'வீ ஹேவ் சென்ட் ஏ சாம்பிள்' என்று மெயில் அனுப்பினேன். அவர் கேட்டிருந்த சாம்பிளைத்தான் அனுப்பியிருந்தேன். ஆனால் அந்த 'ஏ'யைப் படித்த அவர், தாம் கேட்டது இன்னும் வரவில்லை, வேறு ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். 'தி சாம்பிள்' என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் மெயில் போக்குவரத்து மிச்சமாகியிருக்கும்.

தமிழில் ஆர்ட்டிக்கிள், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'ஆன்', 'தி' போன்ற சொல், இல்லை, அதனால்தான் நமக்கு இது வராது என்று பலரும் சொல்வதுண்டு. இதில் பாதிதான் உண்மை. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர் 'மாடு வாங்கினேன்' என்றால், ஏதோ ஒரு மாடு என்று புரிந்துகொள்கிறோம். 'மாட்டை வாங்கினேன்' என்றால், முன்பே பேச்சில் வந்த, கேட்பவருக்கும் தெரிந்த மாடு என்று புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் 'ஏ', 'தி' என்று முன்னால் வைப்பதை இங்கே நாம் 'ஐ' உருபைக் கொண்டு பின்னால் வைக்கிறோம். ஆகவே வேறுபாடு நமக்குப் புதிதன்று. அதைக் காட்டும் இடம்தான் புதிது. முதல் வாரம் முழுவதும் இதை மட்டும் செய்து பாருங்கள்: நாள்தோறும் வாங்கியது, பார்த்தது, தொலைத்தது என ஐந்து வாக்கியங்களைத் தமிழில் சொல்லி, பொருளின் பெயரோடு 'ஐ' வருகிறதா என்று கவனித்து, அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இந்த உத்தி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஆட்களைக் குறிக்கும் பெயர்களில் 'ஐ' பெரும்பாலும் வந்துவிடும். எழுவாயாக நிற்கும் சொல்லில் வரவே வராது. அங்கெல்லாம், கேட்பவர் 'எது?' அல்லது 'யார்?' என்று திருப்பிக் கேட்பாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க மாட்டார் என்றால் 'தி'. பொதுவாகப் பேசும் பன்மைக்கு எதுவும் வேண்டாம்: நாமக்கல்லிலிருந்து முட்டை போகிறது என்பதற்கு வெறும் 'எக்ஸ்' போதும், லாரியில் வந்த முட்டைகள் உடைந்துவிட்டன என்றால் 'தி எக்ஸ்'.

'ஏ'யா 'ஆன்'னா என்ற குழப்பம் இதைவிட எளிது. 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்று உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' எழுதும் மரபு நம்மிடமே இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே கணக்குத்தான், ஆனால் அங்கே பார்க்க வேண்டியது எழுத்தை அன்று, ஒலியை. இதற்குத் தமிழ் எழுத்தே நல்ல கருவி. ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிராக இருந்தால் 'ஆன்', இல்லாவிட்டால் 'ஏ'. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' அகரத்தில் தொடங்குவதால் 'ஆன் அவர்'. சட்டமன்ற உறுப்பினர் 'ஆன் எம்எல்ஏ'. 'யூனிவர்சிட்டி'யும் 'யூரோப்பியன்' பையரும் யகரத்தில் தொடங்குவதால் 'ஏ'. ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: ஒன்று என்ற பொருள் தரும் சொல்லை நாம் 'ஒன்' என்று எழுதிப் பழகியிருக்கிறோம், அதன் சரியான ஒலி 'வன்', ஆகவே 'ஏ வன்-ரூபி காயின்'.

இனிச் சொற்களுக்கு வருவோம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல், அவற்றுக்கு எதிரே தமிழ்ப் பொருள் என்று நோட்டில் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நானும் அப்படி இரண்டு நோட்டுகளை நிரப்பி மறந்தவன். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் ஆர்ட்டிக்கிளோடு எழுதுங்கள்: 'ஆன் இன்வாய்ஸ்', 'ஏ டிலே', 'ஏ ஷிப்மென்ட்'. எண்ண முடியாத பெயராக இருந்தால் முன்னால் ஒரு சிறு கோடு போட்டுவிடுங்கள். ஆங்கிலம் கற்போருக்கென்று வெளிவரும் அகராதிகளில் எண்ணக்கூடிய பெயருக்கு 'சி' என்றும் எண்ண முடியாததற்கு 'யூ' என்றும் குறி இருக்கும். பொருளைப் பார்க்கும்போதே அதையும் பார்த்துவிடலாம். 'ஒரு தகவல்', 'ஒரு அறிவுரை' என்று நாம் சொல்வதால் 'ஆன் இன்ஃபர்மேஷன்', 'ஆன் அட்வைஸ்' என்று கை தானாகவே எழுதிவிடும். ஆனால் இவை எண்ண முடியாத பெயர்கள், 'ஆன்' வரக் கூடாது. 'மெஷினரி', 'எக்விப்மென்ட்', 'லக்கேஜ்' ஆகியவையும் இதே வகை.

துணித் தொழிலில் இருப்பவர்கள் 'கிளாத்' என்ற சொல்லிடம் கவனமாக இருக்க வேண்டும். ஆர்ட்டிக்கிள் இல்லாமல் எழுதினால் அது நெய்த துணி. 'ஏ கிளாத்' என்றால் பெரும்பாலும் மேசை துடைக்கும் துண்டுத் துணி. 'அயர்ன்' இரும்பு, 'ஆன் அயர்ன்' இஸ்திரிப் பெட்டி. தொடக்கத்திற்கு உங்கள் வாயில் ஏற்கனவே புழங்கும் கட்டிங், செக்கிங், பேக்கிங், லாட் போன்ற சொற்களையே எடுத்துக்கொண்டு, அவற்றை முழு வாக்கியத்தில் வைத்து எழுதுவது நல்லது. பொருள் தேடும் வேலை இல்லாததால் கவனம் முழுவதும் ஆர்ட்டிக்கிளில் நிற்கும்.

பயிற்சிக்கு ஆங்கில நாளிதழின் உள்ளூர்ச் செய்தி ஒன்றில் நூறு சொல் அளவுக்கு எடுத்து, 'ஏ', 'ஆன்', 'தி' மூன்றையும் விட்டுவிட்டு நோட்டில் படி எடுங்கள். விட்ட இடத்தில் கோடு போடக் கூடாது, ஏனெனில் எங்கே ஒன்றுமே வராது என்று தீர்மானிப்பதுதான் பயிற்சியின் கடினமான பாதி. மறுநாள் நிரப்பி, மூலத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடத்திற்கு மட்டும் காரணத்தை ஒரு வரியில் தமிழில் எழுதி வையுங்கள்.

இடப்பெயர்களுக்கான விதிகளைப் படிக்க பவானி ஒன்றே போதும். ஜமுக்காளத்திற்குப் பேர்போன ஊர் வெறும் 'பவானி'. அங்கே கூடுதுறையில் வந்து கலக்கும் ஆறு 'தி பவானி'. அது போய்ச் சேரும் ஆறு 'தி காவேரி'. பவானி ஆறு பிறக்கும் மலைத்தொடர் 'தி நீல்கிரிஸ்'. அத்தொடரில் உள்ள தனிச் சிகரம் வெறும் 'தொட்டபெட்டா'. பவானிக்குப் போனதையும் பவானியில் குளித்ததையும் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, எது ஊர், எது ஆறு என்று படிப்பவருக்குக் குழப்பமில்லாமல் தெரிகிறதா என்று வீட்டில் யாரிடமாவது காட்டிப் பாருங்கள்.