ஸ்லாட் கார்: ஓட்டும் முன் ஒரு நோட்டம்

வெளிநாட்டு 1/32 ஸ்லாட் கார் (டிராக்கின் பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடும், அசலில் 32-இல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைக் கார்) வந்ததும் டிராக்கில் இறக்க அவசரப்படாதீர்கள். முதலில் பெட்டிக்குள் துழாவுங்கள்; கழன்ற பக்கக் கண்ணாடி, வைப்பர் அங்கேதான் கிடக்கும். பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வண்ணப் பட்டை கதவு இடுக்கைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். அச்சடித்த வண்ணம் விலகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர் நீலம், ஆரஞ்சு நிற ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார் என்றால் எண்ணும் முக்கியம்: பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1968-இல் வென்றது 9, 1969-இல் 6. இரண்டும் ஒரே கார்தான்! அசலின் உயரம் சுமார் 40 அங்குலம். ஆகவே பொம்மை 32 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஓட்டுநருக்குக் கால் இல்லையே என்று திட்டாதீர்கள், அடியில் மோட்டாருக்கு இடம் வேண்டுமே. டயர் சற்று அகலமாக இருந்தாலும் மன்னிப்பேன். கோணலாக அச்சான எண்ணை மாட்டேன்.