மொபைலும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் இருந்தால் போதும்: தூரத்துப் பறவையைப் படமெடுப்பது எப்படி?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பூநாரைகள் கரையோரம் வந்து நிற்பது அபூர்வம். அவ்வளவு தூரத்துக்கு மொபைல் கேமரா மட்டும் எட்டாது. அதையே ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் முனையில், பொருத்தினால் எட்டும். மொபைலின் முதன்மை லென்ஸ் 24 மி.மீ. என்றால், 20 மடங்கு ஸ்கோப்போடு சேரும்போது அது 480 மி.மீ. லென்ஸுக்குச் சமம்.

தேவையானவை: 65 அல்லது 80 மி.மீ. முகப்பு லென்ஸுள்ள ஸ்கோப், மொபைலை ஸ்கோப்போடு இணைக்க, ஐபீஸின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் அடாப்டர், கனமான ட்ரைபாட். ஸ்கோப்புக்குச் செலவழித்துவிட்டு ட்ரைபாடில் சிக்கனம் பார்க்காதீர்கள். படம் கெடுவது பெரும்பாலும் ஆட்டத்தால்தான்.

1. அடாப்டரை வீட்டிலேயே பொருத்திப் பழகுங்கள். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தின் பக்கம் (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்) திருப்பி, திரையில் தெரியும் வெள்ளை வட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் கறுத்தால் மொபைல் நடுவில் இல்லை. சுற்றிலும் கறுத்தால் ஐபீஸின் கண்வளையத்தைத் திருகி, லென்ஸுக்கும் ஐபீஸுக்கும் உள்ள இடைவெளியை மாற்றிப் பாருங்கள். மிஞ்சும் கறுப்பை மொபைலில் 1.5 மடங்கு ஜூம் செய்து ஒதுக்கலாம். சில மொபைல்கள் ஜூம் கூடியதும் தாமாகவே வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். திரை சட்டென்று இருண்டால் காரணம் அதுதான்.

2. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களை நீட்டுங்கள். பள்ளிக்கரணை வழியே போகும் ரேடியல் சாலையில் பாலத்தின் மேல் நின்றால் லாரி போகும்போதெல்லாம் படம் நடுங்கும்; மண்தரை நல்லது.

3. ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்து, முதலில் கண்ணால் பறவையைப் பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு மொபைலை மாட்டுங்கள்.

4. திரையில் பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவும்) பூட்டிக்கொள்ளும். கொக்கு போன்ற வெள்ளைப் பறவைக்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் இறகு வரிகள் வெளுத்துவிடும். கடைசித் துல்லியத்துக்கு ஸ்கோப்பின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள்.

5. திரையைத் தட்டிப் படமெடுக்காதீர்கள். டைமரோ, ப்ளூடூத் ரிமோட்டோ போதும். ஷட்டர் வேகம், நிற்கும் நாரைக்கு 1/250 வினாடி, நடந்து மேயும் நெடுங்கால் உள்ளானுக்கு 1/500.

60 மடங்குக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கில் 4 மி.மீ. அகலத்துக்கு வெளிவரும் ஒளிக்கற்றை, 60 மடங்கில் 1.3 மி.மீ. ஆகச் சுருங்கும். படம் இருளும், சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். 30 மடங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் குழம்பினால் அது கானல். வெயில் ஏறியபின் சூடான சேற்றின் மேல் காற்று நெளியும். எந்த ஸ்கோப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது.

ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் ஸ்கோப்பை வெளியே எடுத்தால் சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடி பனித்துவிடும். பையை மூடியபடியே அரைமணி வைத்திருங்கள். பழவேற்காடு உப்புநீர் ஏரிக்குப் போய்வந்தால் லென்ஸில் உப்பும் மணலும் படிந்திருக்கும். காற்றுப் பம்பால் ஊதிய பிறகே துணியால் துடையுங்கள்.