லெமன் பாம் எண்ணெய்: வாங்கும்போதும் வாசம் பிடிக்கும்போதும் விடுகிற தவறுகள்

லெமன் பாம் எண்ணெய் என்று எழுதிய போத்தலைத் திறந்ததும் தேசிக்காய் வாசம் வருகிறது. அதை வைத்தே அசல் என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. பின்னால் வரும் தவறுகள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

மெலிசா என்றும் சொல்லப்படும் இந்தச் செடி புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் அதன் தாயகம். இலையைக் கசக்கினால் கை முழுக்க மணக்கும். ஆனால் உள்ளே எண்ணெய் மிகக் கொஞ்சம். நூறு கிலோ பச்சை இலையை நீராவியில் வடித்தாலும் பல வேளைகளில் நூறு கிராம் கூடத் தேறாது. விலை அவ்வளவு கூடியிருப்பதற்குக் காரணம் இதுதான். அதன் வாசத்துக்கு அடிப்படையான சிட்ரலோ எலுமிச்சைப் புல்லில் தாராளமாக இருக்கிறது. அதிலுள்ள இன்னொரு வாசப் பொருளான சிட்ரோனெல்லால், சிட்ரோனெல்லாப் புல்லில் கிடைக்கிறது. ஆகவே கலப்படம் செய்வது சுலபம். இலங்கை சிட்ரோனெல்லாவுக்குப் பெயர் பெற்ற நாடு. அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் தலைமுறைகளாக வடித்து வருகிறார்கள். அது அருமையான எண்ணெய். அதன் சொந்தப் பெயரில் விற்கட்டும், வாங்குவோம். மெலிசாவின் விலைக்கு அதை விற்பது அநியாயம்.

லேபலில் ‘மெலிசா அஃபிசினாலிஸ்’ என்ற தாவரப் பெயர், விளைந்த நாடு, தொகுதி எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிளெண்ட்’, ‘ஃபிராகிரன்ஸ் ஆயில்’ என்றிருந்தால் அது வேறு பொருள். அந்தத் தொகுதிக்கான ஜிசி-எம்எஸ் (எண்ணெயில் என்னென்ன பொருட்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும்) பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்காமல் தருவார். அதில் சிட்ரலோடு பீட்டா-கேரியோஃபிலீன் என்ற வாசப் பொருளும் இருக்க வேண்டும். கொழும்பில் இன்னொரு வசதியும் உண்டு. மலிவான சிட்ரோனெல்லா எண்ணெய் ஒன்றை வாங்கி, இரண்டு காகிதத் துண்டுகளில் ஒவ்வொரு துளி விட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். மூக்கு மட்டும் சாட்சியாகாது, ஆனால் மோசமான கலப்படத்தைப் பிடித்துவிடும்.

செடியை வீட்டில் வளர்த்து, இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து ‘மெலிசா எண்ணெய்’ என்பவர்களும் இருக்கிறார்கள். அது ஊறல் எண்ணெய். மென்மையானது, தடவ நல்லது. ஆனால் வடித்தெடுத்த எண்ணெய்க்குச் சொல்லப்படும் அளவுகள் அதற்குப் பொருந்தாது.

அடுத்தது, இலைக்குள்ள குணத்தையெல்லாம் எண்ணெயிடம் எதிர்பார்ப்பது. லெமன் பாம் தேநீர், இலைச்சாறு பற்றி வந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது ரோஸ்மரினிக் அமிலம். அது ஆவியில் ஏறாது, எனவே வடித்த எண்ணெயில் இருக்காது. எண்ணெயைத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் தேநீரின் பயன் கிடைக்கும் என்பது ஆபத்தான நினைப்பு. குடிக்க வேண்டுமானால் இலையைக் குடியுங்கள்.

மறதி நோய் முற்றிய பெரியவர்களின் பதற்றத்தை இந்த எண்ணெய் தணிக்கும் என்ற பேச்சையும் பார்த்திருப்பீர்கள். 2002ல் பிரித்தானியாவில் 72 பேரிடம் செய்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் 2011ல் வந்த, இன்னும் கவனமாக அமைத்த ஆய்வில் வெறும் போலி மருந்தைவிட அது மேலாக நிற்கவில்லை. அம்மம்மாவின் அறையில் நல்ல வாசம் இருக்கட்டும், அதில் தவறே இல்லை. அதை நம்பி டொக்டர் தந்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தோலில் நேரடியாகத் தடவுவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. சிட்ரல் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் சவர்க்காரம், வாசனைத் திரவியம் என்று சிட்ரல் உள்ள எதைப் பூசினாலும் மறுபடி வரலாம். கலவையில் எண்ணெயை ஒரு வீதத்துக்கு (1%) கீழேயே வைத்திருங்கள்: 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 5 துளி. முதலில் முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம், வாசத்தைக் காற்றில் பரப்பும் டிஃபியூசர். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஏசி போட்டு, யன்னலையும் மூடிவிட்டு, இரவு முழுக்க ஓட விடுகிறார்கள். தலைவலி வருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். 100 மில்லி தண்ணீருக்கு 3 துளி, அரை மணி நேரம், பிறகு நிறுத்திக் காற்றோட்டம் விடுங்கள். வாசம் மங்குவது போலத் தோன்றினால் பெரும்பாலும் உங்கள் மூக்குப் பழகிவிட்டது. மேலும் ஊற்ற வேண்டியதில்லை. தொய்வு உள்ளவர் வீட்டில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். பூனை இருந்தால் அந்த அறையில் வேண்டாம்: இத்தகைய எண்ணெய்களிலுள்ள சில பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது. மெழுகுதிரி வைக்கும் மண் பர்னரில் தண்ணீர் வற்றவும் விடாதீர்கள். எண்ணெய் கருகும், தீயும் பிடிக்கலாம்.

நுளம்பை விரட்ட இதை நம்புவதும் வேண்டாம். டெங்கு உள்ள ஊரில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும், பாமசியில் கிடைக்கும் முறையான நுளம்பு விரட்டியைப் பூசுவதுமே பாதுகாப்பு.

கடைசியாகச் சேமிப்பு. வருடம் முழுவதும் 30 பாகையை ஒட்டி நிற்கும் கொழும்பு வெப்பத்தில் சிட்ரல் சீக்கிரம் கெடும். கெட்ட எண்ணெய் தோலை இன்னும் கூடுதலாக உறுத்தும். கறுத்த கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, ஃபிரிஜில் வையுங்கள். ரப்பர் துளிப்பானை மூடியாகப் போட்டு வைக்காதீர்கள், எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு வருடம் கடந்துவிட்டாலோ, வாசம் புளித்து எண்ணெய் தடித்துப் போனாலோ, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் தோலில் தடவ வேண்டாம்.