லண்டனில் சைடு பிசினஸா? முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

லண்டன் வந்து மூன்று மாதம் ஆனால் போதும், எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வந்துவிடும். வாடகை, கவுன்சில் டாக்ஸ், பஸ் செலவு எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. "வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமாக்கா?" என்று ஈஸ்ட் ஹாமுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தங்கச்சி போன வாரம் கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசா. ஸ்டூடண்ட் விசாவில் சொந்தத் தொழில் கூடவே கூடாது, வாட்ஸ்அப்பில் சேலை விற்றாலும் தொழில்தான். வேலை விசாவிலும் கட்டுப்பாடு உண்டு, நிபந்தனைகளைப் படிக்காமல் இறங்காதீர்கள். டிபெண்டண்டாக, அதாவது விசா வாங்கியவரின் துணையாக, வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை, நானும் அப்படி வந்தவள்தான். சாப்பாட்டுத் தொழில் என்றால் தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன்பே உங்கள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. வருஷ விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையிடம் சொல்லியாக வேண்டும், ஆண்டு முடிந்த பின் வரும் அக்டோபர் 5 வரை கெடு. லாபம் 1,000 என்று நினைத்துவிடாதீர்கள், மொத்த வரவு 1,000. வாடகை வீடென்றால் ஓனரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதை விற்பது? ஊரிலிருந்து யாராவது கிளம்புகிறார்கள் என்றதும் நம் ஆட்கள் எதைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஜாக்கெட்டைத் தைக்கவே சென்னைக்கு அனுப்பி, வருகிறவர் பெட்டியில் திரும்ப வாங்கிக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். தையல் தெரிந்தால் இங்கே உங்களுக்கு வேலை ஓயாது. சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், முதல் போட வேண்டியது ஒரு மெஷினுக்கு மட்டும். இந்தியாவிலிருந்து பெட்டியில் பால் பொருட்களைக் கொண்டுவர அனுமதியில்லை. அதனால் நல்ல நெய்யில் இங்கேயே செய்த மைசூர்பாகுக்குத் தீபாவளிக்கு முன்னால் அடிதடிதான். உப்பில்லாத வெண்ணெயை வாங்கி உருக்கினால் மணமான நெய் கிடைக்கும்.

ஆனால் நான் எடுத்தது இட்லிப் பொடி. அம்மாவின் கைப்பக்குவம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே எங்கள் வீட்டில்தான் பொடி வாங்கும், அதில் எனக்குப் பெருமை உண்டு. கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, எள்ளைத் தனியாகப் பொரியவிட்டு, கடைசியில் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்து அரைப்போம். இங்கே 200 கிராம் பொட்டலம் நாலு பவுண்டு. வாய் வார்த்தையாகவே பரவி நம்மவரல்லாதவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களில் பலர் "இதில் குளூட்டன் உண்டா?" என்றார்கள். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் புரதம். உளுந்து, எள், மிளகாய், உப்பு, இதில் கோதுமை எங்கிருந்து வரும்? லேபிளில் "குளூட்டன் ஃப்ரீ" என்று பெரிதாக அச்சடித்தேன். அதற்கப்புறம் விற்பனை இன்னும் ஏறியது.

ஒரு சனிக்கிழமை காலை, வாடிக்கையாக வாங்கும் ஆங்கிலேயப் பெண் ஒருவர் காலிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். அவருக்கு சீலியாக் நோய், கோதுமை துளி போனாலும் குடல் தாங்காது. மூன்று நாள் படுக்கையில் கிடந்திருக்கிறார். அப்போதும் கோபப்படவில்லை. என்னென்ன சேர்க்கிறாய் என்று மட்டும் கேட்டார். அடுப்படிக்கு அழைத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெருங்காய டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பினார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு.

பிறந்ததிலிருந்து பார்க்கும் டப்பா, ஒரு நாளும் அதன் பின்பக்கத்தைப் படித்ததில்லை. கடையில் நாம் வாங்குவதில் பெரும்பாலானது கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினின் காரத்தைக் குறைக்க மாவும் கோந்தும் சேர்க்கிறார்கள், அந்த மாவு பல நேரம் கோதுமை அல்லது மைதா. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். அதை வாங்கிவிட்டாலும் லேபிளில் அந்த வார்த்தையைப் போடாதீர்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் இங்கே அப்படி எழுதவே கூடாது. சப்பாத்தி தேய்க்கும் அடுப்படியில் பறக்கிற மாவுக்கு நீங்கள் எப்படி உத்தரவாதம் கொடுப்பீர்கள்?

அன்றைக்கே எல்லோருக்கும் போன் செய்து, பொடியைக் கொட்டச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் இருந்த நாற்பது பொட்டலமும் குப்பைக்குப் போனது. அம்மாவிடம் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

நம் ஊரில் ஒவ்வாமை என்றால் கத்தரிக்காயும் கருவாடும் அரிக்கும் என்பதோடு முடிந்துவிடும். இங்கே சட்டத்தில் 14 பொருட்கள் இருக்கின்றன. எள், கடுகு, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், மீன், இறால், கோதுமை எல்லாம் அதில் வரும். நம் தாளிப்புக் கரண்டியே பாதிப் பட்டியல். தர்ப்பணத்துக்கு இறைக்கிற எள் ஆளைக் கொல்லும் என்றால் நானும் நம்பியிருக்க மாட்டேன். 2016-இல் நடாஷா எட்னன் லபரூஸ் என்ற 15 வயதுப் பெண் எள் ஒவ்வாமையால் இறந்தாள். அவள் சாப்பிட்ட ரொட்டியின் மாவுக்குள் எள் இருந்தது, உறையில் அதை எழுதவில்லை. அவள் பெயரால் வந்த சட்டம் 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விற்கும் இடத்திலேயே பொட்டலம் கட்டிவைக்கும் உணவிலும் சேர்மானம் முழுவதையும் எழுத வேண்டும், ஒவ்வாமைப் பொருட்களை எடுப்பாகக் காட்ட வேண்டும். கோயில் திருவிழாவில் மேசை போட்டு விற்கும் நம் முறுக்குக்கும் இது உண்டு, முறுக்கிலும் எள்ளும் பெருங்காயமும்தானே.

இப்போது மறுபடி பொடி போடுகிறேன். எள்ளும் கோதுமையும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. புது மூட்டை பிரித்தால், அதே கம்பெனியாக இருந்தாலும், பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் வாணலியை அடுப்பில் ஏற்றுவேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் பொடி விற்பதில்லை. பக்குவத்தை எழுதிக் கொடுத்தேன். பெருங்காயத்துக்குப் பதில் பூண்டு போட்டுத் தன் வீட்டிலேயே வறுத்து அரைக்கிறார். போன மாதம் ஒரு சின்னப் பாட்டிலில் எனக்கும் கொண்டுவந்து தந்தார். உப்பு ஒரு கல் கூடுதல், ஆனால் எள்ளை நன்றாகப் பொரியவிட்டிருந்தார்.