ஓனிகிரி கவரை கிழிக்காம பிரிக்கிறது எப்படி

ஜப்பான் கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல முக்கோணமா ஒரு சோத்து உருண்டை இருக்கும்ல, ஓனிகிரி, அதை நம்மாளுங்க பிஸ்கட் பாக்கெட் மாதிரி நடுவுல கிழிச்சு கடல்பாசி ஷீட் ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம்னு ஆக்கிடுவாங்க (நானும்தான்). கவர்ல 1, 2, 3னு நம்பர் போட்டிருக்கும், அதுதான் சூட்சுமம்.

முதல்ல 1 இருக்கிற உச்சி நுனியை பிடிச்சு கீழ இழுங்க, பின்பக்கம் சுத்தி வந்து முழுசா கழண்டு வர்ற வரைக்கும், பாதியில விட்டா போச்சு. அப்புறம் 2ஐ பக்கவாட்டுல மெதுவா உருவுங்க, அடுத்து 3. அவ்ளோதான்.

எதுக்கு இவ்ளோ வேலைன்னா, பாசி ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவுல இருக்கு, சோத்தோட ஈரம் படாது, அதான் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கும். செவன் இலெவன் கடைக்காரங்க 1978லயே இப்படி விக்க ஆரம்பிச்சுட்டாங்க.

முதல் தடவைன்னா உள்ள டூனா மீனும் மயோனைஸும் வெச்ச டூனா மயோ எடுங்க. உமேபோஷி (உப்புல ஊறவெச்ச ஜப்பான் பிளம் பழம்) வெச்சது உப்பும் புளிப்புமா ஊறுகாய் மாதிரி தூக்கும், எனக்கு பிடிச்சது அதுதான். கவரை பையில வெச்சுக்கோங்க, தெருவுல குப்பைத்தொட்டி கிடைக்கிறது கஷ்டம்.